பாட்டுக்கு அசையும் கிராஃபிக்ஸ்: பிளெண்டரில் ஆடியோ அனாலிசிஸ் அமைப்புகளை வைப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாளம் விழும்போது துடிக்கும் லோகோ, குரல் உயர உயர ஒளி கூடும் எழுத்து, ஒவ்வொரு அடிக்கும் விரியும் வளையம். லிரிக் வீடியோவிலிருந்து மேடைக்குப் பின்னால் ஓடும் எல்இடி திரை வரை எங்கே பார்த்தாலும் இந்த வகை அசைவு இருக்கிறது. கையால் கீஃப்ரேம் (இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்று குறிக்கும் புள்ளி) வைத்துச் செய்தால் ஒரு பாட்டுக்கே நாள்கணக்கில் ஆகும் என்பதால், பெரும்பாலான மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருள்களில் ஆடியோவை அலசி அதிலிருந்து அசைவை எடுத்துத்தரும் வசதி வந்துவிட்டது. ஆனால் வெளியே வரும் வீடியோக்களில் பாதிக்கு மேல் ஒரே குறை: திரையில் இருப்பதெல்லாம் எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கும், எந்தச் சத்தத்துக்கு எது அசைகிறது என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது.

மென்பொருள் கொடுத்த அமைப்புகளை அப்படியே விட்டு, முழுப் பாட்டையும் ஒரே கர்வாக, அதாவது நேரத்தோடு ஏறி இறங்கும் ஒரே கோடாக எடுத்து, அப்புறம் நடுக்கத்தை மறைக்க ஸ்மூத் மேல் ஸ்மூத் போடுவதால்தான் இப்படி ஆகிறது. அலசும் கட்டத்திலேயே சரியான எண்களை வைத்துவிட்டால் பின்னால் ஒட்டுப்போடும் வேலையே பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து, அந்த எண்களை எப்படிக் கணக்கிடுவது என்பதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கி இன்றே செய்து பார்க்கலாம், அதோடு அதன் ஆடியோ அமைப்புகள் ஒளிவுமறைவில்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. இங்கே புரிந்துகொள்வது மற்ற மென்பொருள்களுக்கும் பொருந்தும், அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பற்றிக் கடைசிப் பக்கம் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் பாட்டைத் தயார் செய்யுங்கள்

எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைல் எடுங்கள். எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு மௌனம் சேரும், சில மென்பொருள்கள் அதைக் கழித்துவிடும், சில கழிக்காது, கடைசியில் எடிட்டிங் மேசையில் வேறு ஒரு மென்பொருளில் பாட்டை மறுபடி சேர்க்கும்போது அசைவும் சத்தமும் கொஞ்சம் விலகி நிற்கும். வேவில் அந்தத் தொல்லை இல்லை. பாட்டின் இறுதி மிக்ஸ் கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள், நீளம் மாறினால் எல்லாவற்றையும் திரும்ப அலச வேண்டியிருக்கும்.

இசையமைப்பாளரிடமோ சவுண்ட் இன்ஜினியரிடமோ ஸ்டெம் கிடைக்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டிரம்ஸ் தனி, பேஸ் தனி, குரல் தனி என்று பிரிந்த ஃபைல்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் டீசர் (Deezer) என்ற பாட்டு ஸ்ட்ரீமிங் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டாவின் டெமுக்ஸ் போன்ற கருவிகளால் முழுப் பாட்டையும் நான்காகப் பிரிக்கலாம்: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. பிரித்த ஒலி காதுக்குக் கொஞ்சம் தேய்ந்துதான் கேட்கும், ஆனால் நாம் அதை யாருக்கும் கேட்கக் கொடுக்கப்போவதில்லை. அசைவை எடுக்க மட்டும் அது, வீடியோவில் ஓடப்போவது அசல் பாட்டு.

அப்புறம் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் ஃபைலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எந்த அதிர்வெண்ணில் எது அடிக்கிறது என்பது படமாகத் தெரியும். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதில் கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கனம் பெரும்பாலும் 50-100 ஹெர்ட்ஸில், ஸ்னேரின் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) உடல் 150-250 பக்கம், ஹை-ஹேட்டின் (ஜோடி உலோகத் தட்டு) சலசலப்பு 6,000-க்கு மேல். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, அதாவது கிக்கும் பேஸும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன, இது பின்னால் தலைவலி தரும். பேச்சில் ஆண் குரலின் அடிச்சுருதி பொதுவாக 85-180, பெண் குரலுக்கு 165-255 ஹெர்ட்ஸ், பாடும்போது இன்னும் மேலே போகும், சொற்களின் தெளிவோ 2,000-4,000 பக்கம் இருக்கிறது. இவை பொதுவான எண்கள், உங்கள் பாட்டின் எண்கள் ஸ்பெக்ட்ரோகிராமில் இருக்கின்றன.

ஃப்ரேம் ரேட்டை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இதைத் தவிர்க்கவே முடியாது. பிளெண்டர் ஒலியை அலசும்போது காட்சியின் ஃப்ரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை படம் என்பதை) வைத்து ஒரு ஃப்ரேமுக்கு ஒரு மதிப்பு என்று எழுதிவைக்கிறது. 25-இல் அலசிவிட்டு அப்புறம் 30-க்கு மாற்றினால் பழைய மதிப்புகள் அப்படியே ஃப்ரேம் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அசைவு பாட்டைவிட வேகமாக ஓடிவிடும். ரீல்ஸுக்கு 30, டிவி சேனலுக்கு 25, திரையரங்குக்கு 24 என்று எதுவாக இருந்தாலும் அதை அவுட்புட் பகுதியில் வைத்துவிட்டே மேலே போங்கள். ஒரு நிமிடப் பாட்டு, 25 ஃப்ரேம் என்றால் கடைசி ஃப்ரேம் 1500.

வீடியோ சீக்வென்சரில் அந்த வேவ் ஃபைலை 1-ஆம் ஃப்ரேமில் தொடங்கும்படி சேர்த்து, டைம்லைனில் பிளேபேக் பட்டியலைத் திறந்து சிங்க் டு ஆடியோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கணினி திணறும்போது படம் மெதுவாகவும் பாட்டு அதன் போக்கிலும் ஓடும், எல்லாம் சரியாக இருந்தும் தப்பாகத் தெரியும். சீக்வென்சரில் இருக்கும் இந்த ஆடியோ நீங்கள் கேட்பதற்கும் கடைசியில் ரெண்டரோடு (மென்பொருள் எழுதித்தரும் இறுதி வீடியோவோடு) சேர்வதற்கும் மட்டும்தான். அலசுவதற்கு மென்பொருள் ஃபைலைத் தனியாக வட்டிலிருந்து படிக்கிறது, சீக்வென்சரில் வெட்டியதோ சத்தத்தைக் குறைத்ததோ அதற்குத் தெரியாது.

கர்வை வாங்க ஓர் எம்ப்டி

லோகோவின் ஸ்கேலிலேயே நேரடியாக அலசலை எழுதுவதுதான் பலரும் செய்வது. வேண்டாம். பேஸ், குரல், ஹேட் என்று பெயரிட்டு மூன்று எம்ப்டி (ரெண்டரில் தெரியாத வெற்றுப் பொருள்) வைத்து, ஒவ்வொன்றின் லொகேஷன் எக்ஸ் மதிப்பில் மட்டும் ஒரு கர்வை வாங்கி, அதிலிருந்து டிரைவர் (ஒரு மதிப்பை வைத்து இன்னொன்றை இயக்கும் இணைப்பு) வழியாக மற்றவற்றை இயக்குங்கள். ஒரே கர்வால் பத்துப் பொருள்களை வெவ்வேறு அளவில் அசைக்கலாம், பாட்டு மாறினால் மூன்று இடத்தில் மட்டும் மாற்றினால் போதும்.

எம்ப்டியைத் தேர்ந்தெடுத்து, லொகேஷன் எக்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து இன்சர்ட் சிங்கிள் கீஃப்ரேம் கொடுங்கள். சிங்கிள் என்பது முக்கியம், இல்லையென்றால் எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் கீஃப்ரேம் விழுந்து, மூன்றிலும் ஒலி எழுதப்பட்டு, எம்ப்டி மூலைவிட்டமாக ஓடும். அப்புறம் கிராஃப் எடிட்டரைத் திறந்து அந்த லொகேஷன் எக்ஸ் சேனல் தேர்வில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி பிளேஹெட்டை, அதாவது டைம்லைனில் இப்போதைய ஃப்ரேமைக் காட்டும் கோட்டை, 1-ஆம் ஃப்ரேமுக்குக் கொண்டுபோங்கள். அலசல் பிளேஹெட் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் எழுதத் தொடங்கும். 87-ஆம் ஃப்ரேமில் பிளேஹெட்டை விட்டுவிட்டு அலசினால் அசைவு முழுதும் மூன்றரை விநாடி தள்ளி வரும், காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் தேட வைக்கும். இதே குணத்தை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தும் வழியும் உண்டு, கீழே வருகிறது.

புதிய பதிப்புகளில் கிராஃப் எடிட்டரின் சேனல் மெனுவில் சவுண்ட் டு சாம்பிள்ஸ் என்று இருக்கும், பழைய பதிப்புகளில் கீ மெனுவில் பேக் சவுண்ட் டு எஃப்-கர்வ்ஸ். அதை அழுத்தினால் ஃபைல் தேர்ந்தெடுக்கும் ஜன்னல் திறக்கும், அதன் வலப்பக்கத்தில் அமைப்புகள் இருக்கும். தெரியவில்லை என்றால் மேலே உள்ள பல்சக்கரச் சின்னத்தை அழுத்துங்கள். அவசரத்தில் ஃபைலை டபுள் கிளிக் செய்துவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பலகையைப் பார்ப்பதே இல்லை. நம் வேலை முழுதும் இங்கேதான்.

அதிர்வெண் எல்லைகள்

லோயஸ்ட் ஃப்ரீக்வென்சி, ஹையஸ்ட் ஃப்ரீக்வென்சி. தொடக்கத்தில் 0 என்றும் 1,00,000 என்றும் இருக்கும், அதாவது எல்லாம் உள்ளே வரும். பேஸ் எம்ப்டிக்கு 40-100 வையுங்கள், ஹேட்டுக்கு 7,000-16,000, குரலுக்கு 300-3,000.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வடிகட்டி சுவர் மாதிரி வெட்டாது, சரிவாகக் குறைக்கும். மேல் எல்லையை 100 என்று வைத்தாலும் 200 ஹெர்ட்ஸில் இருக்கும் ஒலியின் வீச்சில் ஏறத்தாழ கால் பங்கு உள்ளே வந்துவிடும். ஆகவே கிக்கை மட்டும் பிடிக்க நினைத்து எல்லையை 100-இல் வைத்தும் ஸ்னேர் அடி கர்வில் தெரிந்தால் பதற வேண்டாம், எல்லையை 70-க்கு இறக்குங்கள், மிச்சத்தைக் கீழே வரும் த்ரெஷோல்டு அமைப்பு பார்த்துக்கொள்ளும். ஹேட் பக்கம் இன்னொரு தொல்லை: பாடகர் ச, ஸ, ஷ உச்சரிக்கும்போது எழும் சீறல் 5,000-8,000 பக்கம் விழுகிறது, ஹேட்டே அடிக்காத இடத்திலும் கர்வ் குதிக்கும். கீழ் எல்லையை 9,000 அல்லது 10,000-க்கு ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும், அடங்காவிட்டால் ஸ்டெம் ஒன்றே வழி.

கிக்கும் பேஸ் கிட்டாரும் ஒன்றாக ஓடும் பாட்டில் அதிர்வெண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முயல்வது வீண். பேஸ் நீண்டு நிற்கும், கிக் வந்து மறையும், கர்வ் கீழே இறங்காமல் பாதி உயரத்தில் தொங்கும். பிரித்தெடுத்த டிரம்ஸ் ஃபைலைப் பயன்படுத்துங்கள்.

நம் வாத்தியங்களுக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் வேறு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கனமானது, அதைத் தாழ்ந்த எல்லைகளால் ஓரளவு பிடிக்கலாம். வலது பக்கமான வலந்தலை அப்படி இல்லை. சாதாரணத் தோல்கருவிகளைப்போல் இல்லாமல் அதன் மேல்சுருதிகள் இசைவான விகிதத்தில் அமைகின்றன என்பதை சி. வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார், நடுவில் அப்பிய கருஞ்சாந்துதான் அதற்குக் காரணம். அழகான விஷயம், ஆனால் அசைவு எடுக்கிறவருக்குச் சிக்கல், ஏனென்றால் பாடகரின் சுருதிக்கே சேர்த்துவைத்த வலந்தலையும் தம்புராவும் குரலும் அதே இடங்களில் கலந்து கிடக்கும். அங்கே அதிர்வெண்ணை விட்டுவிட்டு, ஒலி எழும் வேகத்தை நம்ப வேண்டும். தம்புரா மெல்ல எழும், சொற்கட்டு சட்டென்று எழும். அதற்குத்தான் அடுத்த இரண்டு அமைப்புகள்.

அட்டாக், ரிலீஸ்: நிதானமாக நிற்க வேண்டிய இடம்

ஒலி அலையின் மேல் ஒரு போர்வை மாதிரி படியும் கோட்டைத்தான் மென்பொருள் நமக்குத் தருகிறது. ஒலி எழும்போது அந்தக் கோடு எவ்வளவு வேகமாக ஏறலாம் என்பது அட்டாக், ஒலி அடங்கும்போது எவ்வளவு வேகமாக இறங்கலாம் என்பது ரிலீஸ். இரண்டும் விநாடியில். தொடக்க மதிப்புகள் 0.005, 0.2.

ரிலீஸ் 0.2 என்றால் ஒலி நின்ற பிறகு 0.2 விநாடியில் கோடு பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும் என்று அர்த்தம். இன்னொரு 0.2 விநாடி போனால் நூற்றில் ஒரு பங்கு. இதைத் தெரிந்துகொண்டால் ரிலீஸைக் கண்ணால் தடவிப் பார்க்க வேண்டியதில்லை, பாட்டின் வேகத்திலிருந்து கணக்கிடலாம். நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் அடிக்கு அடி இடைவெளி 0.5 விநாடி. அதில் பாதியை, அதாவது 0.25-ஐ ரிலீஸாக வைத்தால் அடுத்த அடி வருவதற்குள் கோடு நூற்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரியும். அதே பாட்டில் ஹேட் கால் அடிக்கு ஒருமுறை விழுந்தால் இடைவெளி 0.125 விநாடிதான், அங்கேயும் 0.2-ஐ விட்டுவைத்தால் கோடு கால் பங்கு உயரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது, எல்லாம் ஒரே சுவராக நிற்கும். ஹேட்டுக்கு 0.06 வையுங்கள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ரிலீஸைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது, இரண்டு காரணம்.

ஒன்று ஃப்ரேம். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 40 மில்லிவிநாடி. கோட்டின் மதிப்பு ஒவ்வொரு ஃப்ரேமும் விழும் கணத்தில் எடுக்கப்படுகிறது, இடையில் நடந்ததன் சராசரி எடுக்கப்படுவதில்லை. ரிலீஸ் 0.02 என்றால் ஓர் அடி இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே எழுந்து அடங்கியே போய்விடலாம், சில அடிகள் கர்வில் விழும், சில விழாது, எது விழும் என்பது தற்செயல். ஆகவே ரிலீஸ் ஒன்றரை இரண்டு ஃப்ரேமுக்குக் குறையவே கூடாது: 25-இல் 0.06-0.08, 60-இல் 0.03 போதும்.

இரண்டாவது, தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அலை உச்சத்தைத் தொட்டுப் பூஜ்யத்துக்கு வரும். ரிலீஸ் 0.02 என்றால் அந்த 10 மில்லிவிநாடிக்குள்ளேயே கோடு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கப் பார்க்கும், அதாவது ஒரே ஒரு கிக்கின் உள்ளேயே கோடு ஏறி இறங்கி ஏறும், ஃப்ரேம் அதில் எந்தப் புள்ளியைப் பிடிக்கிறதோ அந்த மதிப்பு உங்களுக்கு வரும். லோகோ காரணமில்லாமல் நடுங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், இதைத்தான் பலரும் பின்னால் ஸ்மூத் போட்டு மழுக்குகிறார்கள். பேஸுக்கு ரிலீஸ் 0.12-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் நடுக்கம் எழவே எழாது.

அட்டாக் எளிது. அடிக்கும் வாத்தியத்துக்கு 0.005-ஐ அப்படியே விடுங்கள், ஒரு ஃப்ரேமைவிட எவ்வளவோ சின்னது, அடி விழுந்த அதே ஃப்ரேமில் அசைவு தொடங்கும். குரலுக்கு 0.05 அல்லது 0.08, ரிலீஸ் 0.4, அப்போதுதான் எழுத்தின் ஒளி குரலோடு மூச்சு விடுவது போல ஏறி இறங்கும், ஒவ்வொரு அசைக்கும் வெட்டாது. தம்புராவோ சிந்தசைசரின் நீண்ட ஒலியோ என்றால் அட்டாக் 0.3, ரிலீஸ் 1 விநாடி என்றுகூடப் போகலாம், பின்னணி நிறம் மெல்ல மாறுவதற்கு அது போதும்.

த்ரெஷோல்டு

இந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி பூஜ்யமாகக் கருதப்படும். 0 முதல் 1 வரையான வீச்சில் கணக்கு, டெசிபலில் அல்ல: 0.1 என்பது மைனஸ் 20 டெசிபல், 0.05 என்பது ஏறத்தாழ மைனஸ் 26. முக்கியமான விஷயம், இது அதிர்வெண் வடிகட்டிக்குப் பிறகு வேலை செய்கிறது. ஹேட்டை மட்டும் வடித்தெடுத்த பின் மிஞ்சும் ஒலியின் உச்சமே 0.1 தான் இருக்கும், அங்கே த்ரெஷோல்டை 0.1 என்று வைத்தால் கர்வ் தட்டையாகிவிடும். ஆகவே முதலில் 0-இல் அலசி, கர்வின் உச்சத்தைப் பார்த்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை த்ரெஷோல்டாக வைத்து மறுபடி அலசுங்கள்.

உச்சத்தைப் பார்க்கும்போது கிராஃப் எடிட்டரின் நார்மலைஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் எந்தக் கர்வையும் மைனஸ் 1 முதல் 1 வரை இழுத்துக் காட்டும், 0.08 உயரமுள்ளது 1 போலத் தெரியும். ஹோம் பொத்தானை அழுத்தினால் முழுக் கர்வும் திரைக்குள் வரும்.

மறுபடி அலச, பழைய சேனலை அழித்துவிட்டு புதிதாக ஒரு கீஃப்ரேம் வைத்துத் தொடங்குவது சுத்தமான வழி. அலசி வந்த கர்வில் கீஃப்ரேம்கள் இருக்காது, கையால் இழுத்துத் திருத்த முடியாது. ஓர் அடியை மட்டும் கையால் மாற்றியே ஆக வேண்டும் என்றால் சாம்பிள்ஸ் டு கீஸ் கொடுத்து கீஃப்ரேமாக்கிக்கொள்ளுங்கள், ஃப்ரேமுக்கு ஒன்று என்று வரிசையாக வந்து நிற்கும்.

அக்யூமுலேட், அடிட்டிவ், ஸ்கொயர்

இந்த மூன்றையும் பலர் தொடுவதே இல்லை. நல்ல வேலைகள் சில இவற்றில் ஒளிந்திருக்கின்றன.

அக்யூமுலேட் டிக் செய்தால் ஏற்றங்கள் மட்டும் கூட்டப்படும், இறக்கம் கணக்கில் வராது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி மேலே, திரும்பி வராது. கேமரா ஒவ்வொரு கிக்குக்கும் ஓரடி முன்னே பாய வேண்டும், சக்கரம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திரும்பி நிற்க வேண்டும் என்றால் இதுதான் வழி. அடிட்டிவ் மட்டும் டிக் செய்தால் ஒவ்வொரு ஃப்ரேமின் வீச்சும் கூட்டிக்கொண்டே போகும், அதாவது பாட்டின் சத்தம் வேகமாக மாறுகிறது: சத்தம் கூடினால் வேகமாகச் சுழலும், மௌனத்தில் நின்றுவிடும். எண்கள் கிடுகிடுவென்று பெருகும், சராசரி 0.3 என்றால் 25 ஃப்ரேமில் விநாடிக்கு 7.5 கூடுகிறது, டிரைவரில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். சுழற்சிக்குக் கொடுக்கும்போது டிரைவரின் கணக்கு ரேடியனில் என்பதையும் மறக்காதீர்கள், 1 என்பது 57.3 டிகிரி.

ஸ்கொயர் கர்வை ஆன்-ஆஃப் ஆக மாற்றும், எல்லைக்கு மேல் 1, கீழே 0. ஒரு பொருளைக் காட்டி மறைக்க, நிறம் சட்டென்று மாற நல்லது. முழுத் திரையையும் பளிச் பளிச்சென்று மின்ன வைக்க மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒளிமின்னலால் வலிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள், இணையத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல் விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்கிறது. வேகமான ஹேட்டைத் திரை முழுக்க மின்னலாக்கினால் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடுவீர்கள்.

கர்விலிருந்து அசைவுக்கு

பேஸ் எம்ப்டியின் லொகேஷன் எக்ஸ் மேல் ரைட் கிளிக், காப்பி ஆஸ் நியூ டிரைவர். லோகோவின் ஸ்கேலில் ரைட் கிளிக், பேஸ்ட் டிரைவர். அப்புறம் எடிட் டிரைவரைத் திறந்து அந்த மாறியை ஒரு எண்ணால் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். எந்த எண்? கர்வின் உச்சம் 0.6, லோகோ அதிகபட்சம் 12 சதவீதம் பெரிதாக வேண்டும் என்றால் 0.12-ஐ 0.6-ஆல் வகுங்கள், 0.2 வரும். லோகோவை 50 சதவீதம் வீங்க வைப்பதைவிட 8 முதல் 15 சதவீதத்துக்குள் நிறுத்தினால்தான் அடியின் கனம் உறைக்கிறது என்பது என் அனுபவம், அதற்கு மேல் போனால் பலூன்தான்.

சூத்திரம் எழுதப் பிடிக்காதவர்கள் ஜியோமெட்ரி நோட்ஸில் (கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து வேலை செய்யும் பகுதி) மேப் ரேஞ்ச் நோடைப் பயன்படுத்தலாம். இன்று வெளியாகும் பாட்டுகள் பலவும் மாஸ்டரிங்கில் நன்றாக அமுக்கப்பட்டவை, முழு மிக்ஸை அலசினால் கர்வ் 0.6-க்கும் 0.9-க்கும் நடுவிலேயே அலையும். மேப் ரேஞ்சில் ஃப்ரம் மின் 0.6, ஃப்ரம் மேக்ஸ் 0.9, டூ மின் 0, டூ மேக்ஸ் 1 என்று வைத்து கிளாம்ப் டிக் செய்தால் அந்தக் குறுகிய அலைச்சல் முழு வீச்சாக விரியும். இன்டர்போலேஷனை ஸ்மூத் ஸ்டெப்புக்கு மாற்றினால் தாழ்ந்த சலசலப்பு அடங்கி அடிகள் மட்டும் எடுப்பாகத் தெரியும்.

பிளேஹெட் குணத்தைச் சாதகமாக்கலாம் என்றேனே, அது இங்கே. ஐந்து வளையங்கள் நடுவிலிருந்து வெளியே அலையாகப் பரவ வேண்டும் என்றால் ஐந்து எம்ப்டி எடுத்து, முதல் எம்ப்டிக்கு 1-ஆம் ஃப்ரேமில், அடுத்ததற்கு 3-இல், அதற்கடுத்ததற்கு 5-இல் பிளேஹெட்டை வைத்து அதே அமைப்புகளோடு அலசுங்கள். ஒவ்வொரு வளையமும் இரண்டு ஃப்ரேம் தள்ளி அசையும், குளத்தில் கல் விழுந்த அலை தானாக வந்துவிடும். வெளியே போகப் போக ரிலீஸையும் கொஞ்சம் கூட்டினால் இன்னும் அழகு.

ஒரு பொருளுக்கு ஒரு ஒலி என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். லோகோவின் அளவு கிக்குக்கு, நிறம் குரலுக்கு, நிலை ஹேட்டுக்கு என்று மூன்றையும் ஒன்றிலேயே ஏற்றினால் பார்ப்பவருக்கு மூன்றும் தெரியாது. பாதிப் பாட்டில் எதுவும் அசையாமல் இருந்தாலும் பரவாயில்லை, பல்லவி வரும்போது அசைந்தால் அதன் வலிமையே வேறு.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு

அங்கே அனிமேஷன் மெனுவில் கீஃப்ரேம் அசிஸ்டன்ட்டுக்குள் கன்வர்ட் ஆடியோ டு கீஃப்ரேம்ஸ் இருக்கிறது. ஆடியோ ஆம்ப்ளிட்யூட் என்ற நல் (null) லேயரும், அதாவது படமில்லாத வெற்று லேயரும், அதில் இடது, வலது, இரண்டும் சேர்ந்தது என மூன்று ஸ்லைடர்களும் வரும். அலசலுக்கு என்று எந்த அமைப்பும் கிடையாது, கம்போசிஷனில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கும். ஆகவே வடிகட்டலை முன்னாலேயே செய்ய வேண்டும்: ஆடியோ லேயரை நகலெடுத்து, அதில் ஹை-லோ பாஸ் எஃபெக்ட் போட்டு, டிரை அவுட் 0 என்று இருப்பதை உறுதி செய்து, மற்ற லேயர்களின் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கன்வர்ட் கொடுங்கள். முடிந்ததும் நல் லேயருக்கு கிக், குரல் என்று பெயர் மாற்றி, அடுத்த அதிர்வெண் பட்டைக்கு மறுபடி செய்யுங்கள். ரிலீஸ் அங்கே இல்லாததால் ஸ்மூதர் பேனலையோ எக்ஸ்பிரஷனையோ நம்பியாக வேண்டும், ஸ்மூதர் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே மாதிரி மழுக்குவதால் அடியின் கூர்மை போகும், குறைவாகப் போடுங்கள்.

ரெண்டருக்கு முன்

வியூபோர்ட்டில் (வேலை செய்யும் காட்சி ஜன்னலில்) பார்ப்பதை வைத்து ஒத்திசைவை முடிவு செய்யாதீர்கள். அடி தெளிவாக விழும் பத்து விநாடியைச் சின்ன அளவில் ரெண்டர் செய்து பாருங்கள். எஃப்எஃப்எம்பெக் வீடியோவாக எடுக்கும்போது ஆடியோ கோடெக் நோ ஆடியோ என்று இருந்தால் சத்தமே வராது, ஏஏசி என்று மாற்றுங்கள். பெரிய ரெண்டருக்கு படவரிசையாக எடுத்துவிட்டு கடைசியில் பாட்டோடு சேர்ப்பதே பாதுகாப்பு, நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அசைவு ஒரு ஃப்ரேம் முன்னே பின்னே இருப்பதாகத் தோன்றினால், முன்னே இருக்கட்டும். படத்துக்குச் சற்றுப் பின்னால் வரும் சத்தத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், முந்தி வரும் சத்தத்தை உடனே கவனித்துவிடுகிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையில் சத்தம் 45 மில்லிவிநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடலாம் என்றும் பிந்தினால் 125 வரை தெரியாது என்றும் இருக்கிறது. 25 ஃப்ரேமில் 45 மில்லிவிநாடி என்பது ஒரு ஃப்ரேமைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே சந்தேகம் வந்தால் சீக்வென்சரில் ஆடியோவை ஒரு ஃப்ரேம் வலப்பக்கம் தள்ளி அதே பத்து விநாடியை மறுபடி ரெண்டர் செய்யுங்கள். கடைசியாக அதை ஃபோனில், ஹெட்ஃபோன் இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் கிக் ஏறக்குறைய கேட்கவே கேட்காது, லோகோ மட்டும் காரணமில்லாமல் துடிப்பதாகத் தோன்றும். வீடியோ ரீல்ஸுக்கு என்றால் லோகோவைக் கிக்கிலிருந்து ஸ்னேருக்கு மாற்றுங்கள், 150-250 ஹெர்ட்ஸ், ரிலீஸ் 0.15.